ஆயிரம் வாட்டு ஆம்ப்ளிஃபயரும் ஒரு தாய்மாமனும்

ஞாயித்துக்கிழமை காலையில எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். வில்லியனூர் போயி ரெண்டு மீட்டர் ஸ்பீக்கர் ஒயர் வாங்கிட்டு வரணும்.

இதுல தப்பு நடக்க வாய்ப்பே இல்லைன்னு நீங்க நினைப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன்.

எதுக்கு ஒயர்னு முதல்ல சொல்லிடறேன். உறுவையாறுல எங்க வீட்டு ஹால்ல டிவிக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு ஸ்பீக்கர் வெச்சிருக்கேன். சின்னதுதான். வீட்டுக்கு வர்றவங்க அதை மளிகை டப்பான்னு நினைச்சி மேல டம்ளர் வெச்சிட்டுப் போவாங்க. ஆனா வீட்டுல உக்காந்து பாட்டு கேக்கறவங்களுக்குன்னே செஞ்ச நல்ல ஸ்பீக்கர். அதை ஓட்டறதுக்கு ஒரு முப்பது வாட்டு ஆம்ப்ளிஃபயர். ரெண்டும் சேர்ந்து நல்லாத்தான் பாடிக்கிட்டு இருந்துச்சு. வால்யூம் திருகை பாதிக்கு மேல நான் திருப்பினதே இல்லை. திருப்பினா மஞ்சுளா திட்டுவா. மஞ்சுளா என் மனைவி.

நல்லாப் பாடறதை அப்படியே விட்டிருக்கலாம். நான் போயி வாட்ஸ்அப்ல ஒரு ஆடியோ குரூப்புல சேர்ந்தேன்.

அந்த குரூப்புல யாரும் பாட்டு கேக்கறதில்லை. சவுண்டு கேக்கறாங்க. அதுலயும் சவுண்டு சித்தர்னு பேரு வெச்சிக்கிட்டு ஒருத்தர் இருக்கார். எந்த ஊரு, என்ன வேலை, ஒண்ணும் தெரியாது. ஆனா அவர் சொன்னா குரூப்பே கைகட்டிக் கேக்கும். நான் ஆசையா என் செட்டை போட்டோ எடுத்துப் போட்டேன். ஒரு பாராட்டு வரும்னு காத்திருந்தேன்.

சித்தர் போட்டார்: "முப்பது வாட்டா? பாவம் ப்ரோ அந்த ஸ்பீக்கரு."

பின்னாடியே விளக்கமும் வந்துச்சு. பவர் கம்மியா இருக்கற ஆம்ப்தான் ஸ்பீக்கரைக் கொல்லுமாம். ஹெட்ரூம் வேணுமாம். குறைஞ்சது இருநூறு வாட்டு இல்லைன்னா அந்த ஸ்பீக்கர் வெச்சிருக்கறதே பாவமாம். ஆம்ப் மாத்தற வரைக்கும் ஒயரையாவது நல்லதா மாத்துங்கன்னு கடைசியில கொஞ்சம் கருணையும் காட்டினார்.

அன்னைக்கு ராத்திரி மஞ்சுளாகிட்ட சொன்னேன். "நம்ம செட்டுல ஹெட்ரூம் இல்லையாம்."

"அப்படின்னா இன்னா?"

"ஆம்ப்ளிஃபயர்ல எப்பவும் கொஞ்சம் பவர் மிச்சம் இருக்கணும். பாட்டுல திடீர்னு மேளம் விழுந்தா தாங்கறதுக்கு."

"வூட்டுல இருக்கறதே ஒரு ரூமு. அதுல பாதி உங்க ஒயரு, மீதி உங்க டப்பா. இதுல ஹெட்ரூம் வேற கட்டப் போறிங்களா?"

அந்த வார்த்தையே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

இந்த இடத்துல என் மச்சானைப் பத்தி சொல்லியாகணும். இல்லைன்னா பின்னாடி நடந்தது உங்களுக்குப் புரியாது.

மஞ்சுளாவுக்குக் கூடப் பிறந்தது ஒரே அண்ணன். பேரு ஏழுமலை. பண்டசோழநல்லூர்ல நெல்லும் கரும்பும் போடறார். தங்கச்சி மேல உசுரு. ஆனா மரியாதை விஷயத்துல கையில எப்பவும் ஒரு தராசு வெச்சிருப்பார். எங்க வீட்டு கிரகப்பிரவேசப் பத்திரிகையில அவர் பேரு விட்டுப்போச்சு. அச்சடிச்சவன் ஒரு வரியை முழுங்கிட்டான். எந்த வரியை முழுங்கலாம், எந்த வரியை முழுங்கக் கூடாதுன்னு அவனுக்குத் தெரியுமா? அதுக்கப்புறம் ரொம்ப நாள் மச்சான் எங்க வாசப்படி மிதிக்கலை. எங்க பாப்பா யாழினி பொறந்தப்பகூட ஆஸ்பத்திரிக்கு வந்து குழந்தையைப் பார்த்துட்டு, சுவத்துல இருந்த கடிகாரத்தையும் பார்த்துட்டு, என்னை மட்டும் பார்க்காம போனவர்.

போன மாசம்தான் மஞ்சுளா நேர்ல போயி அழுது சமாதானம் ஆச்சு. வர்ற தை மாசம் பாப்பாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில உக்கார வெச்சித்தான் குத்தணும், அதுதான் முறை. மச்சான் கம்மலுக்கு ஆசாரிகிட்ட சொல்லி வெச்சிட்டார். அன்னைக்குக் கட்டிக்கிட்டு உக்கார பட்டு வேட்டிகூட எடுத்துட்டாராம்.

"இந்த தபா எதுனா ஏடாகூடம் ஆச்சு, எங்கண்ணன் என்னைத் தலை முழுகிடும்," மஞ்சுளா சொல்லி வெச்சிருந்தா. "எனக்குன்னு பொறந்த வூட்டுல அது ஒண்ணுதான் இருக்குது. தை மாசம் வரைக்கும் நீங்க எதுலயும் கையை வெக்காதிங்க. புண்ணியமாப் போவும்."

நானும் சத்தியம் பண்ணேன். அதனாலதான் சொல்றேன், அன்னைக்கு நான் போனது வெறும் ஒயர் வாங்க.

பஷீர் பாய் கடை வில்லியனூர் கடைத்தெருவுல இருக்கு. முன்பக்கம் பல்பு, ஸ்விட்ச், ஒயர் வியாபாரம். பின்பக்கம் மைக்செட்டு வாடகை. சுத்துவட்டாரத்துல கல்யாணம், காதுகுத்து எதுன்னாலும் பாய் செட்டுதான் பேசும்.

"ரெண்டு மீட்டர் ஸ்பீக்கர் ஒயர் குடுங்க பாய்."

"எத்தினி வாட்டு செட்டு?"

"முப்பது."

பாய் எடுத்த ஒயர் சுருளை மறுபடி ஆணியில மாட்டிட்டார். ரிப்போர்ட்டைப் படிச்சிட்டு டாக்டர் ஒரு பார்வை பார்ப்பாரே, அப்படி என்னைப் பார்த்தார்.

"முப்பதுலாம் ஷேர் ஆட்டோவுல வெக்கிறது தம்பி."

"வூட்டுக்குத்தான் பாய்."

"வூடுன்னா? வூட்டுக்கு நாலு பேரு வர மாட்டாங்களா?"

வந்தா டீ குடுப்போம் பாய், சவுண்டு குடுக்க மாட்டோம்னு சொல்லியிருக்கணும். அறிவு இருந்தா சொல்லியிருப்பேன். நான் சொன்னது வேற. "எனக்கும் ஹெட்ரூம் பத்தலைன்னுதான் பாய் சொல்றாங்க."

பாய்க்கு ஹெட்ரூம்னா என்னன்னு தெரியலை. அது அவர் முகத்துல ஒரு நிமிஷம் தெரிஞ்சிது. உடனே மறைச்சிட்டு, "அதான் நானும் சொல்றேன்"னார்.

விஷயம் தெரியாத ரெண்டு பேர் ஒத்துப்போனா அதுக்கப்புறம் யாராலயும் தடுக்க முடியாது. பாய் பின்பக்கம் போயி ஒரு பெட்டியைத் தூக்க முடியாம தூக்கிட்டு வந்து என் முன்னாடி வெச்சார். இரும்புப் பெட்டி. மூடி மேல செகப்பு பெயிண்ட்ல 'பாய் சவுண்டு'ன்னு பெருசா எழுதியிருந்துச்சு. முன்பக்கம் கண்ணாடிக்குள்ள ஒரு முள்ளு. முள்ளுக்குப் பின்னாடி வாட்டுக் கணக்கு: ஒண்ணு, பத்து, நூறு, ஆயிரம்.

"ஆயிரம் வாட்டு," பாய் பெட்டியைத் தட்டினார். "நேத்துகூட ஒரு காதுகுத்துக்குப் போயிட்டு வந்துது. எடுத்துகினு போ. ஒரு நாள் வெச்சிக் கேளு. புடிச்சிருந்தா அப்புறம் பேசிக்கலாம்."

ஸ்கூட்டர்ல கால் வெக்கிற இடத்துல பெட்டியை ஏத்தினோம். கால் வெக்க இடமில்லாம ரெண்டு பக்கமும் அகட்டிக்கிட்டு, தவளை மாதிரி வண்டி ஓட்டிக்கிட்டு வந்தேன். பாதி வழியிலதான் ஞாபகம் வந்துச்சு. ஒயர் வாங்கலை.

திரும்பிப் போகலாம்னா அந்தப் பெட்டியோட வண்டியைத் திருப்ப எனக்கு தைரியம் இல்லை. பழைய ஒயரே போதும்னு வந்துட்டேன்.

தெருமுனையில அஞ்சலை அக்கா நின்னாங்க. அவங்களுக்குப் பொறந்த ஊரு பண்டசோழநல்லூர். எங்க தெருவுல வாக்கப்பட்டவங்க. மச்சானுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி முறை. எங்க வீட்டுல கொழம்பு தீஞ்சாக்கூட பண்டசோழநல்லூருக்குச் சேதி போயிடும்.

அக்கா கண்ணு நேரா பெட்டி மேல போச்சு. "இன்னா தம்பி, மைக்செட்டுலாம் போவுது?"

"வூட்டுக்குத்தான்கா."

"வூட்டுலயேவா வெச்சிகினிங்க?"

"ஆமாக்கா. வூட்டோட வெச்சிக்கலாம்னுதான்."

"யாருக்கும் சொல்லலியா?"

"இதுக்கெல்லாம் எதுக்குக்கா ஊரைக் கூட்டிக்கினு? நாங்க மூணு பேரு இருந்தா போதும்."

அக்கா முகம் மாறிப்போச்சு. பாவம், என் ஆம்ப்ளிஃபயரைப் பார்த்துப் பொறாமைப்படறாங்கன்னு நினைச்சேன். பெருந்தன்மையா ஒரு சிரிப்பு சிரிச்சிட்டு வந்தேன்.

வீட்டுல மஞ்சுளா பாப்பாவை இடுப்புல வெச்சிக்கிட்டு கிளம்பி நின்னா. அடுத்த தெருவுல தையக்கார அக்கா வீடு. காதுகுத்துக்குப் போட ஜாக்கெட் அளவு குடுக்கணும்.

"ஒயர் எங்க?"

"வாங்கலை."

"அப்ப இது இன்னா?"

"ஆயிரம் வாட்டு."

மஞ்சுளா பாப்பாவை அடுத்த இடுப்புக்கு மாத்திக்கிட்டு பெட்டியை ஒரு சுத்து சுத்தி வந்தா. அப்புறம், "கறிக்கடைக்குப் போயி கறி வாங்கினு வாங்க. பொட்டியைப் பார்த்துகினு உக்காந்துடாதிங்க"ன்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டா.

அவ தெரு திரும்பற வரைக்கும் பொறுத்தேன். அப்புறம் பழைய ஆம்ப்ளிஃபயரைக் கழட்டி ஓரமா வெச்சேன். ஸ்பீக்கர் ஒயரை பாய் பெட்டியில மாட்டினேன். பெட்டி முன்பக்கம் ஒரு பென்டிரைவ் சொருகி இருந்துச்சு. பாயோடது. எடுத்தா எங்கயாவது தொலைச்சிடுவேன்னு அப்படியே விட்டேன். அன்னைக்கு நான் செஞ்ச ஒரே ஜாக்கிரதையான காரியம் அதுதான். குடியைக் கெடுத்ததும் அதுதான்.

ஸ்விட்சைப் போட்டேன். ஸ்பீக்கர்ல 'டம்'னு ஒரு சத்தம். கரண்ட் போயிடுச்சு.

ஒரு நிமிஷம் எனக்குப் பெருமையாக்கூட இருந்துச்சு. ஆயிரம் வாட்டு இழுத்த இழுப்புல ஊருக்கே கரண்ட் போயிடுச்சோன்னு வெளிய எட்டிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுலயும் விசிறி எடுத்து விசிறிக்கிட்டு இருந்தாங்க. அது வழக்கமா போற கரண்டுதான். சரி, வர்றதுக்குள்ள கறி வாங்கிடலாம்னு ஜன்னலைத் திறந்து வெச்சிட்டு, கதவைப் பூட்டிட்டுக் கிளம்பினேன். ஆம்ப்ளிஃபயர் ஸ்விட்சை அணைக்கலை.

கறிக்கடையில கூட்டம். எதிர்ல கலியபெருமாள் டீக்கடை. ஒரு டீ சொல்லிட்டு பெஞ்சுல உக்காந்தேன். பாதி டீ குடிக்கறப்ப கடை ஃபேன் சுத்த ஆரம்பிச்சிது. கரண்ட் வந்துடுச்சு.

கொஞ்ச நேரத்துல எங்கிருந்தோ நாதஸ்வரம் கேட்டுச்சு. அது முடிஞ்சதும் ஒரு கனமான குரல்.

"காதணி விழாவிற்கு வருகை தந்திருக்கும் உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரையும் வருக வருக என இருகரம் கூப்பி வரவேற்கிறோம்."

நான் டீயைக் கீழ வெச்சேன். காதைத் தீட்டிக்கிட்டேன். குரூப்புல சேர்ந்ததுல இருந்து எங்க சவுண்டு கேட்டாலும் அதை எடை போடாம எனக்கு இருக்க முடியாது.

"நல்ல செட்டுப்பா," கலியபெருமாள்கிட்ட சொன்னேன். "பேஸு கொஞ்சம் கம்மி. ஆனா வாய்ஸ் பாரு, எழுத்தெழுத்தா கேக்குது. இது குறைஞ்சது ஐநூறு வாட்டு இருக்கும். ஹெட்ரூம் இருக்கு. அதான் இரையாம வருது."

"அது இன்னாண்ணா ஹெட்ரூமு?"

விளக்கினேன். டீ ஆத்தறதை நிறுத்திட்டுக் கேட்டான். எனக்கு அன்னைக்குக் கிடைச்ச ஒரே மரியாதை அது.

விளக்கம் முடிஞ்சதும் கலியபெருமாள் கேட்டான். "இன்னாண்ணா, உங்க தெருவுலதானே கேக்குது? நீங்க போவலியா?"

"எங்க தெருவா?"

திரும்பி நின்னு கேட்டேன். ஆமாம், எங்க தெரு பக்கம்தான். எனக்கு சுருக்குன்னுச்சு. ஒரே தெருவுல குடியிருக்கேன், காதுகுத்துன்னு ஒரு வார்த்தை சொல்லலை. வீட்டுக்கு வந்து கூப்பிட வேணாம், வழியில பார்த்தாவது சொல்லலாமில்ல?

"எனக்கு யாரும் சொல்லலியேப்பா," குரல் கொஞ்சம் ஏறிடுச்சு.

"சொல்லலியா? அதே தெருவுல இருக்கற உங்களுக்கேவா?"

"பாரு. மனுஷன்னா ஒரு மட்டு மரியாதை வேணும். இவங்க வீட்டுக்கெல்லாம் நாளைக்கு நான் போவேன்னு நினைக்கிற?"

குரல் மறுபடி வந்துச்சு. "தாய்மாமன் அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாகப் பந்தலுக்கு வரும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்."

"அந்த தாய்மாமனுக்கும் சொல்லலை போல," கலியபெருமாள் சிரிச்சான்.

எனக்குச் சிரிப்பு வரலை. கறி வாங்கற எண்ணமே போயிடுச்சு. நேரா வீட்டுக்குப் போயி கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்துடறது, இப்ப வந்து கூப்பிட்டாலும் போகக் கூடாதுன்னு முடிவு பண்ணிக்கிட்டு நடந்தேன். நடக்க நடக்க சத்தம் அதிகமாச்சு. அந்தக் குரலை எங்கயோ கேட்ட மாதிரி இருந்துச்சு. ரெண்டு வீடு தாண்டினதும் புரிஞ்சிது. அது பஷீர் பாய் குரல்.

இன்னும் ரெண்டு வீடு தாண்டினதும் மீதியும் புரிஞ்சிது. எங்க வீட்டு வாசல்ல கூட்டம்.

பாய் கெட்டிக்காரர். காதுகுத்துன்னா ஒரே வரவேற்பு எல்லாருக்கும் ஒத்துவர்ற மாதிரி, பேரே சொல்லாம பதிவு பண்ணி பென்டிரைவ்ல ஏத்தி வெச்சிருக்கார். கரண்ட் வந்ததும் அது தானா பாட ஆரம்பிச்சிடும். முடிஞ்சா மறுபடி முதல்ல இருந்து வரும். பேரு சொல்லாததால யார் வீட்டுல ஒலிச்சாலும் அது அவங்க வீட்டு விசேஷம்.

சில பேர் சட்டை மாத்திக்கிட்டு வந்திருந்தாங்க. ஒருத்தர் கையில கவர் போட்ட சில்வர் தட்டு. பூட்டின கதவைப் பார்த்து நின்னுக்கிட்டு, உள்ளேர்ந்து வருக வருகன்னு வர்ற வரவேற்பைக் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. யார் முகமும் நல்லா இல்லை.

அஞ்சலை அக்கா முன்னாடி வந்தாங்க. "ஏன் தம்பி, கோயில்லியே வெச்சி குத்திட்டு வந்துட்டிங்களா?"

"அய்யோ அக்கா, இது காதுகுத்து இல்லக்கா."

"மைக்குல சொல்லுதே."

"அது ஆம்ப்ளிஃபயர்கா. ஹெட்ரூம் வேணும்னு..."

"எத்தினி ரூம் கட்னா இன்னா தம்பி? நாலு சனத்தைக் கூப்புடணும்."

பூட்டைத் திறந்து உள்ள ஓடி ஸ்விட்சை அணைச்சேன். பாய் "இருகரம்"னு சொல்லி நின்னுட்டார். அந்த அமைதியில அக்கா சொன்னது தெளிவாக் கேட்டுச்சு.

"ஏழுமலை அண்ணனுக்கு அப்பவே போனு போட்டுட்டேன். அதுக்கு நம்பிக்கை வரல. போனை உங்க ஜன்னலாண்ட தூக்கிப் புடிச்சேன். முழுசாக் கேட்டுச்சு. ஒண்ணும் பேசாம வெச்சிடுச்சு."

கூட்டத்தை விலக்கிக்கிட்டு மஞ்சுளா பாப்பாவோட ஓடி வந்தா. தையக்கார அக்கா வீட்டுக்கும் கேட்டிருக்கு. வாசல்லயே நின்னு அண்ணனுக்கு போன் போட்டா, எடுக்கலை. மறுபடி போட்டா, எடுக்கலை. போனை இறக்கிட்டு என்னைப் பார்த்தா. திட்டலை. கண்ணுல தண்ணி நின்னுச்சு. திட்டியிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்.

கூட்டம் கலையலை. விசேஷம் இல்லைன்னு தெரிஞ்சிடுச்சு, ஆனா இதைக் கேட்டுட்டு ஏழுமலை வராம இருக்க மாட்டார்னும் தெரிஞ்சிடுச்சு. அதுக்குக் காத்திருந்தாங்க.

மச்சான் பைக்ல வந்தார். கரும்புக் கொல்லையில இருந்து நேரா வந்திருக்கார். வேட்டியை மடிச்சிக் கட்டியிருந்தது, கால்ல சேறு. வண்டியை ஸ்டாண்டு போட்டுட்டு வாசல்லயே நின்னார். உள்ள வரலை.

"எங்க இருந்தாலும் ஒடனே வரச் சொன்னிங்களாமே," என்னைப் பார்த்துச் சொன்னார். "வந்துட்டேன்."

"மச்சான், தண்ணி..."

"வாணாம் மாப்ள."

மஞ்சுளா, "அண்ணா, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுண்ணா"ன்னு ஆரம்பிச்சா. அவர் கையைக் காட்டி நிறுத்திட்டார்.

"பத்திரிகையில பேரு வுட்டீங்க. அச்சுல போச்சுன்னிங்க. சரின்னு வந்தேன். இப்ப மடியையும் வுட்டுட்டிங்க. இதுவும் அச்சுல போச்சா?"

சத்தமே போடலை. கொல்லையில நின்னு ஆள் கூப்பிடற குரல் அவருக்கு, பத்து வயல் தாண்டிக் கேக்கும். அன்னைக்குப் பக்கத்துல நின்ன எனக்கே பாதிதான் கேட்டுச்சு. அப்ப நான் ரொம்ப பயந்துட்டேன். இனிமே இந்த மனுஷன் இந்த வீட்டுப் பக்கம் வரமாட்டார், மஞ்சுளா ஆயுசு முழுக்க என்னைப் பார்க்கறப்பெல்லாம் இந்த ஞாயித்துக்கிழமையைத்தான் பார்ப்பான்னு தோணிடுச்சு. ஹெட்ரூம் மட்டும்தான் வாயில வந்துச்சு, அதை முழுங்கிட்டேன்.

பாப்பாதான் காப்பாத்துச்சு. மாமனைப் பார்த்ததும் மஞ்சுளா இடுப்புல இருந்து கையை நீட்டிக்கிட்டுத் தாவுச்சு. அவர் வாங்கிக்கிட்டார். குழந்தை மேல அவருக்கு என்ன கோவம்? வாங்கினவர், முடியை ஒதுக்கி ஒரு காதைப் பார்த்தார். விரலால தடவிப் பார்த்தார். அப்புறம் அந்தப் பக்கம் திருப்பி இன்னொரு காதையும் பார்த்தார்.

"குத்தலியா?"

"நீ இல்லாம எப்படிண்ணா குத்துவோம்," மஞ்சுளா உடைஞ்சி அழுதுட்டா.

மச்சான் காதை விடவே இல்லை. ரெண்டு விரலால புடிச்சிக்கிட்டே உள்ள வந்து, கோரைப்பாய்கூட விரிக்காம தரையில உக்காந்தார். "தண்ணி குடும்மா"ன்னார்.

தண்ணி குடிச்சிட்டு, "அப்ப மைக்குல பேசினது யாரு?"ன்னு கேட்டார்.

ஸ்பீக்கரைக் காட்டினேன். மேல இருந்த டம்ளரை எடுத்துட்டுக் காட்டினேன்.

"இத்தினூண்டு டப்பாவா? பொய் சொல்லாத மாப்ள. போட்டுக் காட்டு."

பாப்பாவை மடியில வெச்சிக்கிட்டு மச்சான் உக்காந்திருக்க, நான் ஸ்விட்சைப் போட்டேன். நாதஸ்வரம் வந்துச்சு. வரவேற்பு வந்துச்சு. காலையில ஊரைக் கூட்டின அதே சத்தம்தான், திருகை நான் தொடவே இல்லை. அப்பதான் முதல் தடவையா அந்தக் கண்ணாடியைக் கவனிச்சேன். முள்ளு 'ஒண்ணு'ன்னு எழுதியிருந்த கோடு வரைக்கும் வந்து தொட்டுட்டுத் திரும்புது. அதுக்கு மேல போகவே இல்லை.

தெரு சனத்தைக் கூட்டி, டீக்கடை வரைக்கும் போயி, போன் வழியா பண்டசோழநல்லூர்ல ஒரு மனுஷன் நெஞ்சை உடைச்சது மொத்தமா ஒரு வாட்டு. மீதி தொள்ளாயிரத்துச் சொச்சம் வாட்டும் அந்தப் பெட்டிக்குள்ள வேலை இல்லாம உக்காந்திருக்கு. நம்ம முப்பது வாட்டு ஆம்ப்ளிஃபயரா இருந்தாலும் அதுலயும் இருபத்தொம்பது சும்மாத்தான் இருந்திருக்கும்.

நம்ப முடியாம திருகைக் கொஞ்சம் திருப்பினேன். முள்ளு பத்தைத் தொட்டுச்சு. பாப்பா காதைப் பொத்திக்கிச்சு. பத்து மடங்கு பவர் போகுது, சத்தம் என்னவோ ரெண்டு மடங்கு கூடின மாதிரிதான் இருந்துச்சு. அந்தக் கணக்குல முள்ளு நூறைத் தொடறதுக்குள்ள நாங்க வீட்டைக் காலி பண்ணியிருப்போம். வழக்கமா மஞ்சுளா அனுமதிக்கற அளவுக்குக் குறைச்சேன். முள்ளு படுத்துக்கிச்சு. நான் இத்தனை நாளா பாட்டு கேட்டது ஒரு வாட்டுகூட இல்லை.

அந்த முள்ளையே பார்த்துக்கிட்டு நின்னேன். ஸ்பீக்கர்ல பாய் மெல்லமா கூப்பிட்டார். "தாய்மாமன் அவர்கள் எங்கிருந்தாலும்..."

"மாப்ள," மச்சான் கூப்பிட்டார். "இன்னொரு தபா போடு."

போட்டேன். அவர் பாப்பாவை நேரா உக்கார வெச்சிக்கிட்டு, வேட்டியைச் சரி பண்ணிக்கிட்டுக் கேட்டார். முகத்துல லேசா ஒரு சிரிப்பு.

"சவுண்டு நல்லாத்தான் கீது. ஆனா பேரு சொல்லலியே. தாய்மாமன்னா எந்தத் தாய்மாமன்? ஊருல எத்தினி பேரு இருக்கான்."

"சொல்லிடலாம் மச்சான்," நானும் மஞ்சுளாவும் ஒரே நேரத்துல சொன்னோம்.

வாசல்ல இருந்தவங்க ஒவ்வொருத்தரா உள்ள வந்தாங்க. வந்தவங்களை வெறுமனே அனுப்ப முடியுமா? மஞ்சுளா கண்ணைத் துடைச்சிக்கிட்டு சமையக்கட்டுக்குப் போனா. ரெண்டாவது நிமிஷமே வெளிய வந்து கேட்டா.

"கறி எங்க?"

அன்னைக்கு எல்லாரும் ரசம் சாப்பிட்டாங்க. சில்வர் தட்டு கொண்டு வந்தவர் அதைத் திரும்ப எடுத்துக்கிட்டுப் போயிட்டார். தை மாசம் கொண்டு வர்றேன்னார்.

சாயந்திரம் குரூப்புல எழுதினேன். வீட்டுக்கு ஒரு வாட்டு போதும், முள்ளை என் கண்ணால பார்த்தேன், மத்ததெல்லாம் மிச்சம்தான்னு எழுதினேன். சித்தர் உடனே பதில் போட்டார்: "ஆயிரம் வாட்டுலயும் முள்ளு ஒண்ணைத் தாண்டலைன்னா உங்க ஸ்பீக்கருக்கு ஆயிரம் பத்தலைன்னு அர்த்தம் ப்ரோ." அதுக்குக் கீழ கும்புடு போட்டு வரிசையா ஆளுங்க. நான் குரூப்பை விட்டு வெளிய வந்தேன்.

மறுநாள் பெட்டியைத் திருப்பிக் குடுக்கப் போனேன். பாய் ஆவலாக் கேட்டார். "எப்படி இருந்துது?"

"பண்டசோழநல்லூர் வரைக்கும் கேட்டுச்சு பாய்."

"பின்ன? ஆயிரம் வாட்டுன்னா சும்மாவா?"

அவர் சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரலை. மச்சான் பேரைச் சொல்லி அந்த வரியை மட்டும் புதுசா ஒரு தடவை பேசிக் குடுங்கன்னு கேட்டேன். தொண்டையைக் கனைச்சிக்கிட்டு அங்கேயே பேசி என் போனுக்கு அனுப்பிட்டார். ரெண்டு மீட்டர் ஒயரும் ஞாபகமா வாங்கிட்டேன்.

தை மாசம் இன்னும் வரலை. மச்சான்தான் வந்துக்கிட்டு இருக்கார், ஞாயித்துக்கிழமை தவறாம. வந்ததும் பாப்பாவை மடியில வெச்சிக்கிட்டு, "மாப்ள, அதைப் போடு"ன்னுவார். நான் பழைய ஆம்ப்ளிஃபயர்ல போனை மாட்டிப் போடுவேன். "தாய்மாமன் திரு. ஏழுமலை அவர்கள் எங்கிருந்தாலும்"னு பாய் கூப்பிடுவார். "இங்கதான் கீறேன்"னு மச்சான் பாப்பா காதுல சொல்லுவார்.

முப்பது வாட்டு பத்தலைன்னு இதுவரைக்கும் அவர் சொன்னதில்லை.